பழியை மலைமேல் போடாதீர்கள்

கடந்த இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்க பேஸ்போலில் கொலராடோ ரொக்கீஸ் என்ற அணி 2025இல் 162 ஆட்டங்களில் 119ஐத் தோற்றது என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மலையகத்தில் பேஸ்போல் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் அந்த அணியையே பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கே இடம்.

கேள்வி: ஐயா, என் சித்தி மகன் டென்வரில் இருக்கிறான். அவனால்தான் எனக்கு இந்த வியாதி தொற்றியது. எங்கள் அணியின் பந்துவீச்சாளர் அடி வாங்கும்போதெல்லாம் வர்ணனையாளர்கள் "உயரமான இடம், மெல்லிய காற்று" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் மலையில்தான் பிறந்து வளர்ந்தேன். காற்று அவ்வளவு அநியாயம் செய்யுமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: செய்யும் தம்பி. பௌதிகவியலோடு சண்டை பிடிக்க முடியாது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. உங்கள் தலவாக்கலையை விட உயரம், நுவரெலியாவை விடத் தாழ்வு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான். அடித்த பந்தைப் பிடித்து நிறுத்தக் காற்று போதாது, கடலோர ஊரில் 400 அடி போகிற அடி அங்கே 420 அடியாவது போகும். பந்து வீசுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தலையிடி ஒன்று உண்டு. சுழற்றி எறிகிற பந்து காற்றைப் பிடித்துத்தான் வளைகிறது, காற்று குறைந்தால் வளைவும் அதே அளவுக்குக் குறைந்துபோகும். கையிலிருந்து அழகாகப் புறப்பட்ட பந்து கடைசி நேரத்தில் கீழே விழ வேண்டும், விழாமல் நேரே மட்டையைத் தேடிப் போகும். ஜோகன்னஸ்பர்க்கில் 2006இல் அவுஸ்திரேலியா 434 அடித்து, தென்னாபிரிக்கா அதைத் துரத்தி 438 அடித்தது நினைவிருக்கிறதா? அந்த ஊரும் 5,700 அடிக்கு மேலே. ஆடுகளமும் மட்டையாளர்களும்தான் முதல் காரணம், ஆனால் காற்றும் தன் பங்குக்கு உதவியிருக்கும்.

மைதானத்தைக் கட்டியவர்கள் இதை யோசிக்காமலும் இல்லை. 1995இல் திறந்த கூர்ஸ் ஃபீல்டில் எல்லைச் சுவர்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள், நடுவில் 415 அடி. அதனால் என்ன ஆயிற்று என்றால், வெளிக்களம் மூன்று பேர் ஓடிக் காக்க முடியாத அளவுக்கு அகன்றுபோய், சுவரைத் தாண்டாத பந்துகளும் ஆளில்லாத புல்லில் விழுந்து ஓட்டமாயின. ஹோம் ரன்னாவது (சுவரைத் தாண்டிப் போகும் அடி) குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, 1999இல் அந்த ஒரு மைதானத்தில் மட்டும் 303 ஹோம் ரன். பிறகு 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய ஓர் அறையில் வைத்து எடுக்க ஆரம்பித்தார்கள், வறண்ட காற்றில் பந்து காய்ந்து இறுகிப்போகாமல் இருக்க. அது ஓரளவு கைகொடுத்தது.

இதெல்லாம் உண்மை. ஆனால் 2025இன் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சொந்த மைதானத்தில் 25 வெற்றி, 56 தோல்வி. வெளியூரில் 18 வெற்றி, 63 தோல்வி! அவர்கள் அடிக்கடி போகும் வெளியூர்கள் எவை? சான் டியேகோ, சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சல்ஸ். காற்று கனத்த கடலோர ஊர்கள். அங்கே போய் இன்னும் மோசமாகத் தோற்றிருக்கிறார்கள். இதற்கும் ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள்: வீட்டில் வளையாத பந்துக்குப் பழகிய மட்டையாளர்கள் வெளியூரில் வளைகிற பந்தைப் பார்த்துத் தடுமாறுகிறார்களாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டை பிடிக்கிறவனுக்கான விளக்கம். பந்து வீசுகிறவனுக்கு மலையை விட்டு இறங்கினால் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்?

அந்த ஆண்டு முழுவதிலும் 597 ஓட்டம் எடுத்து 1,021 ஓட்டம் கொடுத்தார்கள். வித்தியாசம் 424. 1900க்குப் பிறகு எந்த அணிக்கும் இவ்வளவு மோசமான வித்தியாசம் வந்ததில்லை. காற்று 1995இலும் இதே காற்றுதான், 2018இலும் இதே காற்றுதான். 2018இல் இதே அணிக்காக, இதே டென்வரில் பிறந்து வளர்ந்த கைல் ஃப்ரீலண்ட், ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.85 ஓட்டம் என்ற சராசரியில் வீசி அணியை இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனார். 2010இல் இதே அணியில் உபால்டோ ஹிமெனஸ் 19 வெற்றி எடுத்தார். அதையெல்லாம் விடுங்கள், 1996இல், பந்துக்கு ஈர அறை வருவதற்கு முன்னால், ஜப்பான்காரர் ஹிடேயோ நோமோ லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணிக்காக அந்த மைதானத்துக்கு வந்து ஒரேயொரு ஹிட் (அடித்துவிட்டு நிறுத்தத்தை அடைவது) கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனார். ஆகவே மலையில் வீசுவது கஷ்டம், முடியாத காரியம் இல்லை. முடியாது என்று நினைக்கிறவர்கள் மேலே அலுவலகத்தில் இருக்கிறார்கள்.

கேள்வி: பேஸ்போலும் நம்ம எல்லேயும் ஒன்றுதானே? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? – வாசகி, பண்டாரவளை

பதில்: குடும்பம் ஒன்றுதான் அக்கா. அடித்துவிட்டு நிறுத்தங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும், காற்றில் பிடித்தால் அவுட். எல்லேயில் ஓடுகிறவன் முதுகில் பந்தால் எறிந்தும் அவுட்டாக்கலாம், அங்கே அப்படிச் செய்தால் அடிதடிதான் நடக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு மைதானத்தில் கம்பும் டெனிஸ் பந்துமாக ஆடியவர்களுக்கு பேஸ்போல் புரிய ஓர் ஆட்டம் பார்த்தால் போதும். மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய நல்ல பந்து) ஆனால் அவுட், மூன்று அவுட் ஆனால் மறுபக்கம், ஒன்பது முறை இப்படி.

கேள்வி: பந்துவீச்சை விடுங்கள் ஐயா, ஆள் எடுக்கிற விதத்தைப் பார்த்தால்தான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. நல்லவனை விற்கிறார்கள், நோயாளிக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். இதற்கு என்ன பெயர்? – வாசகர், மஸ்கெலியா

பதில்: பெயர் வைக்கலாம், பத்திரிகையில் அச்சிட முடியாது.

கதையை 2000ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து ஆரம்பிப்போம். மைக் ஹாம்ப்டன் என்ற இடதுகைப் பந்துவீச்சாளருக்கு 8 ஆண்டுக்கு 12 கோடியே 10 லட்சம் டொலர் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். முதல் ஆண்டு சராசரி 5.41, இரண்டாம் ஆண்டு 6.15, அத்தோடு அனுப்பிவிட்டார்கள். வேடிக்கை என்ன தெரியுமா, முதல் ஆண்டில் அவர் மட்டை பிடித்து 7 ஹோம் ரன் அடித்தார். பந்து வீச வாங்கிய ஆள்! அன்றிலிருந்து, பெரிய பந்துவீச்சாளர்கள் தாங்களாக விரும்பி டென்வருக்கு வருவது அரிது, வந்தால் தன் கணக்கு கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் அணி என்ன செய்ய வேண்டும்? கையில் இருக்கிறவனை வளர்க்க வேண்டும், அவனுக்கு விலை இருக்கும்போதே கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

இவர்கள் செய்ததைக் கேளுங்கள். 2021 பெப்ரவரியில், தங்கள் தலைசிறந்த வீரர் நோலன் அரனாடோவை சென். லூயிஸ் அணிக்கு அனுப்பினார்கள், அனுப்பும்போது சுமார் 5 கோடி டொலரும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு கோடையில் ஜோன் கிரே என்ற பந்துவீச்சாளரின் ஒப்பந்தம் முடிகிற நேரம். மற்ற அணிகள் கேட்கும் காலத்தில் அவரை மாற்றி இளம் வீரர்களை வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. போகட்டும், ஒப்பந்தம் முடிந்தபின் ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முறைப்படி அழைப்பு விடுத்திருந்தால், அவர் அதை மறுத்துவிட்டுப் போனாலும் இழப்பீடாகப் புதுமுகத் தேர்வில் ஓர் இடம் கிடைத்திருக்கும். அதையும் செய்யவில்லை. மனிதர் சும்மா எழுந்து டெக்ஸஸுக்குப் போனார், 2023இல் அந்த அணி பேஸ்போலின் உச்சக் கிண்ணமான உலகத் தொடரை வென்றது, ரொக்கீஸுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

மிச்சமிருந்த பந்துவீச்சாளர்கள் ஃப்ரீலண்டுக்கும் அந்தோனியோ சென்சட்டேலாவுக்கும் ஆளுக்கு ஐந்தாண்டு, இரண்டும் சேர்த்து 11 கோடி டொலருக்கு மேல். 2025இல் ஃப்ரீலண்ட் 17 தோல்வி, சென்சட்டேலா 15 தோல்வி. அப்புறம் நீங்கள் சொல்கிற அந்த நோயாளி. கிறிஸ் பிரயன்ட், 2016இல் சிக்காகோவுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர், திறமையில் குறை சொல்ல முடியாது. 2022இல் 7 ஆண்டுக்கு 18 கோடியே 20 லட்சம் டொலர். முதல் நாலு ஆண்டில் ஆடியிருக்க வேண்டிய ஆட்டம் 648, ஆடியது 170. முக்கியமாக முதுகு வலி. வலி அவர் குற்றமில்லை, அதற்காக ஏசுவது நியாயமும் இல்லை. பேஸ்போல் ஒப்பந்தம் அப்படி, காயப்பட்டாலும் முழுப் பணம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது நமக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி கையெழுத்துப் போட்டவரிடம்: பந்துவீச்சாளர் பஞ்சத்தில் கிடக்கும் அணி, முப்பது வயதான ஒரு மட்டையாளருக்கு ஏழு ஆண்டு எதற்கு?

கேள்வி: முரளி ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் நூறு ஓவருக்கு மேல் வீசினார். இவர்கள் ஐந்து இன்னிங்ஸ் வீசியதும் கை நோகிறது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம்தானே? – வாசகர், பொகவந்தலாவை

பதில்: நம் கண்டிக்காரரின் கணக்கு எனக்கும் மனப்பாடம். 1998, ஓவல், 113.5 ஓவர், 220 ஓட்டத்துக்கு 16 விக்கெட். ஆனால் ஒப்பீடு பொருந்தாது. பேஸ்போலில் ஓடி வருவதில்லை, நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் எறிகிறார்கள், ஒவ்வொரு பந்தும் முழு பலத்தோடு. முழங்கைத் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை எண்ணி முடியாது. ஆகவே நூறு பந்தை நெருங்கும்போது மாற்றிவிடுகிறார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: அதே மட்டையாளர் அதே வீச்சை மூன்றாம் தடவை சந்திக்கும்போது அதை நன்றாகப் படித்துவிட்டிருப்பார்.

உங்கள் கோபத்துக்கு இடம் வேறெங்கோ இருக்கிறது. 26 பேர் கொண்ட அணியில் 13 பந்துவீச்சாளருக்கு மேல் வைக்க விதி இடம் கொடுக்காது. தொடக்க வீச்சாளர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஆறு ஓட்டம் கொடுத்துவிட்டு இறங்கினால் மிச்ச ஆறு இன்னிங்ஸையும் பின்னால் வரும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் இழுக்க வேண்டும். நாளைக்கும் அதேதான். நாலாவது நாள் எல்லோருக்கும் கை செத்துப்போகும், அல்புகேர்க்கியில் இருக்கும் இரண்டாம் நிலை அணியிலிருந்து யாரையாவது விமானத்தில் ஏற்றுவார்கள், அவர் இரண்டு நாள் அடி வாங்கிவிட்டுத் திரும்பிப் போவார். நெருக்கடி நேரத்தில் முகாமையாளர் யாரை அழைத்தாலும் நாம் தலையில் கை வைக்கிறோம், ஆனால் அவர் கையில் அழைக்க யாரும் இல்லை. 2025 மே 10ஆம் திகதி சான் டியேகோ அணியிடம் 21-0 என்று தோற்றார்கள். மறுநாள் ஜெயித்தார்கள், ஜெயித்த கையோடு முகாமையாளர் பட் பிளாக்கை நீக்கினார்கள். அவர் தாமே பதினைந்து ஆண்டு பந்து வீசியவர். அவருக்கு வீச்சு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் போனபின்னும் கூட்டிப் பார்த்தால் 119.

கேள்வி: எங்கள் நாட்டு கிரிக்கெட் அணி தினம் தினம் மானத்தை வாங்குகிறது, நீங்கள் அமெரிக்காவுக்கு ஒப்பாரி வைக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? – வாசகர், பதுளை

பதில்: இல்லை. ஒப்பாரி வைக்க எனக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது.

2023ஐ மறக்கவில்லை ஐயா. செப்டெம்பரில் கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியில் 50க்கு எல்லோரும் அவுட். ஒக்டோபரில் டில்லியில் தென்னாபிரிக்கா நமக்கு எதிராக 428, பாவம் நம் இளம் பந்துவீச்சாளர் பத்திரண பத்து ஓவரில் 95 கொடுத்தார். நவம்பரில் மும்பையில் 55. அந்தக் கோபத்தில் அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், அந்த உத்தரவை நீதிமன்றம் இடைநிறுத்தியது, பாராளுமன்றம் தீர்மானம் போட்டது, ஐ.சி.சி. நம்மையே இடைநிறுத்திவிட்டது. உலகக் கிண்ணத்தில் ஒன்பதாம் இடம், அதனால் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்கும் போக முடியவில்லை. பத்திரணவை எத்தனை வயதில், எந்த நிலையில் பத்து ஓவர் போட வைப்பது, காயத்திலிருந்து வந்தவரை எப்போது இறக்குவது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா என்று நானும் அன்று கத்தினேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். இங்கே தோற்றால் அமைச்சர் முதல் முடிதிருத்துகிறவர் வரை சபையைத் திட்டுவார்கள், தகுதி பறிபோகும், ஏதோ ஒரு வலி நிர்வாகத்துக்கும் போய்ச் சேரும். சரியான வைத்தியமா என்பது வேறு விஷயம். டென்வரில் 119 தோற்ற ஆண்டிலும் இருபது லட்சத்துக்கு மேல் ஆட்கள் டிக்கட் எடுத்து வந்து உட்கார்ந்தார்கள். கோடை மாலை, மேற்கே மலைத்தொடர், கையில் பியர், யாருக்கு ஓட்டக் கணக்கு? கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் பயமும் அந்த விளையாட்டில் கிடையாது. தோல்வி முதலாளியின் பையைத் தொடாதவரை முதலாளி அசைய மாட்டார். என்னைக் கேட்டால் அந்த அணியின் நோய் இதுதான், காற்று இல்லை.

கேள்வி: அண்ணா, நுவரெலியாவில் பேஸ்போல் மைதானம் கட்டினால் பந்து டென்வரை விடத் தூரம் போகுமா? நான் ஓ.எல். எழுதும் மாணவன். – நுவரெலியா

பதில்: போகும். நம் ஊர் 6,100 அடிக்கு மேல், காற்று இன்னும் மெல்லியது. பந்துக்கு ஈர அறையும் தேவைப்படாது, வெளியே வைத்தாலே போதும். ஆனால் பின்னேரம் மூடுபனி இறங்கினால் அடித்த பந்தை யார் தேடுவது? பரீட்சைக்குப் படியுங்கள் தம்பி.

கேள்வி: உங்களிடம் அந்த அணியைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? குறை சொல்ல எல்லோராலும் முடியும். – வாசகர், ஹட்டன்

பதில்: நியாயமான குத்து. சொல்கிறேன்.

வளைவை நம்பி வாழும் பந்துவீச்சாளரை வாங்க மாட்டேன். தாழ்வாக வீசித் தரையில் உருள வைக்கிறவன், வேகத்தை மாற்றி ஏமாற்றுகிறவன், இவர்களைத் தேடுவேன். மெல்லிய காற்றில் நேர்வேகப் பந்து கடலோரத்தில் இழப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வேகத்தை இழந்து போய்ச் சேரும், அதையாவது பயன்படுத்திக்கொள்ளலாமே. அகன்ற வெளிக்களத்துக்கு ஓடத் தெரிந்த மூன்று பேரைப் போடுவேன், ஹோம் ரன் அடிக்காவிட்டாலும் பரவாயில்லை. சேஸ் டொலண்டர் மாதிரி புதுமுகத் தேர்வின் முதல் சுற்றில் எடுத்த இளைஞனை மலையில் அடி வாங்கிவிட்டான் என்று பயந்து வீச்சையே மாற்றச் சொல்ல மாட்டேன். வெளியூரில் அவன் எப்படி வீசுகிறான் என்பதுதான் அவனுடைய உண்மையான கணக்கு. ஒப்பந்தம் முடிய ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே ஒவ்வொரு வீரருக்கும் வைப்பதா மாற்றுவதா என்று முடிவு எழுதி மேசையில் வைப்பேன். இதில் எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை, மற்ற அணிகள் பல வருடமாகச் செய்கிற வேலை.

இவர்களுக்கு என்ன வந்தது என்றால், 1999 முதல் 2025 வரை பொது முகாமையாளர் மூன்றே பேர். பின்னால் வந்த இரண்டு பேரும் அதே கட்டிடத்துக்குள் பல ஆண்டு இருந்துவிட்டு மேலே ஏறியவர்கள். வெளியாள் ஒருவர் வந்து "இது ஏன் இப்படி?" என்று கேட்க வழியே இல்லை. 2025 நவம்பரில்தான் போல் டிபொடெஸ்டாவைக் கொண்டுவந்தார்கள். கணக்கு வைத்து வீரர் தேர்ந்தெடுக்கிற முறை ஓக்லண்டில் பிறந்தபோது அங்கே உதவியாளராக இருந்தவர், டொட்ஜர்ஸ் அணியையும் சில காலம் நடத்தியவர். இடையில் பத்து ஆண்டு அவர் பேஸ்போலிலேயே இல்லை, அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் இருந்தார்! எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது, ஆனால் முதலாளி அதே முதலாளி. அவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடு என்று சொன்னால் டிபொடெஸ்டா என்ன, யார் வந்தாலும் நூறு தோல்விதான்.

கேள்வி: நான் அலுத்துவிட்டேன். அடுத்த பருவம் முதல் டொட்ஜர்ஸ் பக்கம் போகிறேன். துரோகமா? – வாசகர், கண்டி

பதில்: துரோகமெல்லாம் இல்லை, தாராளமாகப் போங்கள். 2024, 2025 இரண்டிலும் கிண்ணம் அவர்களுக்குத்தான், ஜப்பான் நட்சத்திரம் ஒஹ்டானி வேறு இருக்கிறார். ஆனால் இரண்டும் ஒரே பிரிவு அணிகள், வருடத்துக்கு 13 தடவை மோத வேண்டும், அந்த 13 நாளும் உங்கள் பழைய பந்துவீச்சாளர்கள் அடி வாங்குவதை மறுபக்கத்தில் நின்று பார்க்கிற மனத்தைரியம் வேண்டும். அதோடு லொஸ் ஏஞ்சல்ஸ் இரவாட்டம் நமக்குக் காலை ஏழு நாற்பதுக்கு ஆரம்பமாகும். வேலைக்குப் போகிறவர் என்றால் முதல் இன்னிங்ஸை பஸ்ஸில்தான் பார்க்க வேண்டிவரும், பேராதனை வளைவில் சிக்னலும் கிடைக்காது.